பீடி நேரம்

8.11.2018, வியாழன்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது ஒரு மார்கழியில். அடுத்து வந்த தை மாதம், இந்தி வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார்களே, அந்த வாரம்தான் நான் பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வருஷத்தை நம்பரில் சொல்ல எனக்கு வராது. இன்று நெஞ்சுச் சளிக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா விரலை மடக்கிப் பார்த்து, “அறுபத்தஞ்சு, தாத்தா” என்று எழுதிக்கொண்டார். வேலையை எப்போது விட்டீர்கள் என்று கேட்டார். சுனாமிக்கு முந்தின ஆடியில் என்றேன். மறுபடியும் மடக்கினார்.

“முப்பத்தொம்பது வருஷமா பஞ்சுத் தூசியில நின்னீங்களா?”

“நின்னேன், உக்காந்தேன், அதுலயே படுத்தும் தூங்கினேன்.”

மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து புதிதாகக் கொடுத்திருக்கிறார். காலையில் இரண்டு தடவை, சாயந்தரம் இரண்டு தடவை. அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். தினமும் எவ்வளவு தூரம் நடந்தேன், எங்கே நின்றேன், எதற்காக நின்றேன், மூச்சா, காலா, நெஞ்சா என்று நோட்டில் எழுதி வர வேண்டும்.

“எனக்கு என் பேரே எழுத வராது தாயி.”

“வீட்ல யாருக்கு வரும்?”

“நான் அஞ்சாப்பு” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி குருவம்மாள். கலெக்டர் வேலைக்கு மனுப் போடுகிறவள் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“அஞ்சாப்பு தாராளம் பாட்டி. அவரு என்ன சொன்னாலும் எழுதுங்க. சம்பந்தமில்லாததா இருந்தாலும் எழுதுங்க. நோய் எந்த வழியா வெளிய வரும்னு சொல்ல முடியாது.”

அப்படித்தான் இது ஆரம்பம். நான் சொல்கிறேன், குருவம்மாள் எழுதுகிறாள்.

9.11.2018, வெள்ளி

தூரத்தை அளக்க எனக்குத் தெரிந்தது கரண்டுக் கம்பம்தான். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் என் மச்சினன் உத்தண்டு வைத்திருக்கிற சைக்கிள் ஸ்டாண்டு வரை பதினோரு கம்பம். இன்று மூன்றாவதில் நின்றேன், ஐந்தில் நின்றேன், ஏழில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் மூச்சுக்காக. திரும்பி வரும்போதும் அப்படியே.

10.11.2018, சனி

எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் தூக்கினேன். மீதி பதினான்கையும் அவளே தூக்கினாள்.

12.11.2018, திங்கள்

உத்தண்டு குருவம்மாளுக்குத் தம்பி. என்னைவிட எட்டு வயது இளையவன். அவனும் என்னோடு ஜின்னிங்கில் இருந்தவன்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபிறகு சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஒரு அறையில் கிடக்கிறான். தினமும் பத்து மணிக்குப் போய் அவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். வரும் வழியில் சீரக மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொள்வேன். தொண்டைக்கு நல்லது.

அவனும் இருமுகிறான். இடது கால் இழுக்கிறது என்றும் சொல்கிறான். வாதமாம். வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கிறாராம்.

“நீரு என்ன அத்தான், நோட்டுப் போட்டு நடக்கீரு? பரீச்சையா?”

“பாஸ் பண்ணுனா இன்னும் நாலு வருஷம் தருவாங்களாம்.”

“எனக்கும் சேத்து எழுதிரும். நமக்கு எப்பவும் ஒரே மார்க்குதான.”

14.11.2018, புதன்

மருந்து கேட்கிறது. இன்று ஆறு கம்பம் வரை மூச்சு நிறுத்தவே இல்லை. ஏழாவதில் இடது கெண்டைக்காலை யாரோ கையால் முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. நின்றேன். ஒரு தம்ளர் டீ குடிக்கிற நேரத்துக்குள் விட்டுவிட்டது. மறுபடி நடந்தேன், ஒன்பதாவதில் மறுபடி பிடித்தது. இதற்கு முன் இந்த வலி இருந்ததில்லை. மருந்தின் கோளாறாக இருக்கும்.

15.11.2018, வியாழன்

டாக்டரம்மா நோட்டைப் படித்தார். மருந்தின் கோளாறு என்ற இடத்தில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. காலைத் தொட்டார். மேல்பாதத்தில் விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார். கணுக்காலில் பட்டை சுற்றி, கையில் அழுத்தம் பார்ப்பார்களே, அதைக் காலில் பார்த்தார்.

“தாத்தா, இந்த வலி ரொம்ப நாளா உள்ளதான் இருந்துருக்கு. மூச்சு முந்திக்கிட்டு உங்கள நிறுத்திருச்சு. அதனால கால் வலிக்கிற தூரத்துக்கு நீங்க நடக்கவே இல்ல. இப்ப மூச்சு கொஞ்சம் வழி விட்டுச்சு. கால் தெரியுது.”

“நெஞ்சுல சளின்னு வந்தேன். காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன தாயி?”

“ரெண்டும் வேற வேற வீடு இல்ல. நுரையீரல்ல வருஷக்கணக்கா புண்ணு கனிஞ்சுக்கிட்டே இருந்தா, அந்தச் சூடு ரத்தத்தோட சேந்து ஒடம்பு பூரா சுத்தும். போற வழியில குழாயெல்லாம் தடிச்சு, உள்ள அடைச்சுக்கிட்டு வரும். அதுமேல பீடி, எரியிறதுல எண்ணெய் ஊத்துன மாதிரி. காலா, மூளையா, இருதயமா, எங்க அடைக்கும்னு அது சொல்லிட்டு வராது.”

பிறகு கேட்டார். “பீடி?”

“விட்டாச்சு.”

“எப்ப?”

“மூணு வருஷம் இருக்கும்.”

டாக்டரம்மா குருவம்மாளைப் பார்த்தார். குருவம்மாள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை. வலிக்கிற வரை நடங்கள், வலித்தால் நில்லுங்கள், மறுபடி நடங்கள் என்றார். ஜின்னிங்கில் உங்களோடு யார் யார் நின்றார்கள் என்று கேட்டார். எங்கள் வரிசையில் ஏழு பேர் என்றேன். இருக்கிறவர்களைக் கூட்டி வாருங்கள், போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று யோசித்து வையுங்கள் என்றார்.

இருப்பது நானும் உத்தண்டும்தான்.

16.11.2018, வெள்ளி

எங்கோ கிழக்கே புயல் கரையேறி ஊர் ஊராகச் சாய்த்துவிட்டதாம். எங்களுக்கு மழை மட்டும். அடுப்படி ஓட்டில் ஒழுகியது. அலுமினியச் சட்டியை வைத்துவிட்டு நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடக்கவில்லை.

17.11.2018, சனி

உத்தண்டிடம் சொன்னேன். கால் வலி வாதமில்லை, குழாய் அடைப்பு, வியாழக்கிழமை என்னோடு வா என்றேன்.

“யார் சொன்னா? அந்தச் சின்னப்பிள்ள டாக்டரா?”

“சின்னப்பிள்ளையோ பெரியபிள்ளையோ, காலத் தொட்டுப் பாத்துச் சொல்லுச்சு மாப்ள.”

“என் காலையும் தொடுவா, அப்புறம் வெட்டணும்பா. நம்மகூட நின்ன தாவீது அண்ணன் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாரு, எப்படித் திரும்பி வந்தாரு? வண்டியில. மடியில செருப்பு ஒண்ண வச்சுக்கிட்டு. ஆளவிடும்.”

சைக்கிள் போட ஆள் வந்துவிட்டது.

19.11.2018, திங்கள்

உத்தண்டு காலில் துணி சுற்றியிருக்கிறான். முள் குத்தியதாம். மற்றபடி நன்றாக இருக்கிறான்.

மிட்டாய்க் கடை பூட்டியிருந்தது. வரும் வழியில் கொய்யா இலை இரண்டு பறித்து மென்றேன்.

20.11.2018, செவ்வாய்

நடந்தது எட்டு கம்பம். நின்றது இரண்டு இடம். காலுக்காக.

உத்தண்டு எப்படி இருக்கிறான் என்று குருவம்மாள் கேட்டாள். இருக்கிறான் என்றேன். இதை ஏன் எழுதுகிறாய் என்றேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதச் சொன்னார் என்கிறாள்.

22.11.2018, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனவர்கள் கதையைச் சொன்னேன். எனக்கு எழுத்துதான் கிடையாது, மறதியும் கிடையாது.

முதலில் போனது குப்பாண்டி. ராஜீவ் காந்தி செத்த வாரம். வெறும் இழுப்புதான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே போனான். அடுத்து சங்கிலி. பேக்டரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு வாய் கோணியது, டீ சட்டையில் வழிந்தது, அப்புறம் பதினோரு மாதம் பேச்சில்லை. தாவீதுக்குக் காலை எடுத்தார்கள், எடுத்தும் அடுத்த ஈஸ்டரைப் பார்க்கவில்லை. இருளப்பன் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான், ஒரு கன்னத்தில் சோப்போடுதான் தூக்கினோம். அழகர்சாமி சைக்கிளிலிருந்து விழுந்தான். விழுந்து சாகவில்லை, செத்துத்தான் விழுந்தான்.

டாக்டரம்மா எழுதியதைத் திரும்பப் பார்த்தார்.

“அஞ்சு பேருக்கும் இருமல் உண்டா?”

“பேக்டரியில இருமாதவன் ஏது? சங்கு ஊதுறதுக்கு முந்தியே எங்க இருமல் ஊதும்.”

“அஞ்சு பேருல நுரையீரலால போனது ஒருத்தருதான் தாத்தா. நாலு பேரு ரத்தக் குழாயால போயிருக்காங்க. எல்லாரும் நெஞ்சச் சளிக்கே வைத்தியம் பாத்துருப்பாங்க.” பேனாவை மூடிவிட்டு, “அந்த இன்னொருத்தர எப்பக் கூட்டிட்டு வாரீங்க?” என்றார்.

வருவான் என்றேன்.

23.11.2018, வெள்ளி

திருக்கார்த்திகை. குருவம்மாள் இருபத்தொரு விளக்கு ஏற்றினாள். காற்றில் பாதி அணைந்தது.

காலையிலேயே பொரி உருண்டை பிடித்து, தம்பிக்கென்று தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டான். அவன் அறையில் ஊதுபத்தி நிறையக் கொளுத்தி வைத்திருந்தான்.

“வருஷா வருஷம் விளக்குப் பாக்க இங்கன வருவானே. இந்த வருஷம் என்ன?” என்று அவள் கேட்டாள்.

ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம் என்றேன்.

25.11.2018, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

26.11.2018, திங்கள்

நடக்கவில்லை. குருவம்மாள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சோறு இறங்கவில்லை என்று எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

28.11.2018, புதன்

குருவம்மா, இன்றைக்கு நான் சொல்லச் சொல்ல நிறுத்தாமல் எழுது. நடுவில் ஏதாவது கேட்டாயானால் எனக்குச் சொல்ல வராது. நீ பேசினாயானால் அதையும் சேர்த்து எழுது.

இந்த நோட்டில் பொய் இருக்கிறது. நான் பீடியை விடவில்லை. உத்தண்டு அறைக்குப் பின்னால் தினமும் நாலு பிடிக்கிறேன். மிட்டாய் அதற்குத்தான்.

“தெரியும். உங்க சட்டையத் தொவைக்கிறவ நான்தான” என்கிறாள். தலை நிமிராமல்தான் எழுதுகிறாள்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

எமர்ஜென்சி வந்த வருஷம் உன் தம்பிக்கு நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. உள்ளே மிஷின் ஓடினால் எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாது. புருவத்தில், காதுமடலில், எச்சிலில், எங்கும் பஞ்சு. சாயந்தரம் மேஸ்திரி ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார். தின்றால் தூசி வயிற்றுக்குள் இறங்கிப் போய்விடும் என்பார். நாங்களும் நம்பித் தின்றோம்.

வெளிக்காற்று வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. பஞ்சு தீப்பிடிக்கும் என்பதால் உள்ளே பீடி கூடாது. பீடி பிடிக்கிறவன் மட்டும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மதிலுக்கு வெளியே புளியமரத்தடிக்குப் போகலாம். அதற்குப் பெயர் பீடி நேரம். பீடி பிடிக்காதவனுக்கு அது கிடையாது. “ஒனக்கு வெளிய என்னல சோலி?” என்று மேஸ்திரி கேட்பார். அவன் உள்ளேயே நின்று எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஏழு பேரில் பிறவியிலேயே பீடி ஆசை வந்தவன் ஒருத்தன்கூட இல்லை. நல்ல காற்றுக்காகத்தான் பிடித்தோம் குருவம்மா. நான் அப்படித்தான் பழகினேன்.

உன் தம்பி வந்த மூன்றாம் நாள் மத்தியானம், இருமி இருமிக் கண் பிதுங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேஸ்திரியிடம், பையன் வெளியே போய் வரட்டும் என்று கேட்டேன். பீடி பிடிப்பானா என்றார். பிடிப்பான் என்றேன். எங்கே, பிடித்துக் காட்டச் சொல் என்றார். புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் என் வாயிலிருந்த பீடியை எடுத்து அவன் வாயில் வைத்தேன். “இருமாமப் பிடி மாப்ள. இருமுனா உள்ள தள்ளிருவான்” என்றேன். கண்ணீர் வழிய வழிய இருமாமல் பிடித்தான். மேஸ்திரி சிரித்துவிட்டு அவனையும் பீடிக்காரன் கணக்கில் சேர்த்தார். அன்றைக்கு நான் அவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

உன் தம்பியைக் கெடுத்தவன் இருளப்பன் என்று நீ நினைத்தாய். தெருவில் வைத்து அவனைத் திட்டினாய். மண்ணை வாரித் தூற்றினாய். இருளப்பன் என்னைப் பார்த்தான். நான் பேசாமல் நின்றேன். அவனும் சொல்லவில்லை.

பேனா நின்றுவிட்டது. எழுது.

“இருளப்பன் அண்ணன் செத்த துஷ்டிக்கு நான் போகல” என்கிறாள். “அவரு சம்சாரம் ஆள்விட்டுக் கூப்புட்டா. நான் போகல. இத எழுதவா?”

எழுது.

இத்தனை வருஷம் உத்தண்டு இதை உன்னிடம் சொல்லவில்லை. போன வாரம் திங்கட்கிழமை சொல்லிவிடுவேன் என்றான். அன்றைக்கு அவன் காலைப் பார்த்தேன். முள் குத்தவில்லை. வைத்தியர் சொன்னாரென்று செங்கல்லைச் சுட வைத்து, துணி சுற்றிப் பாதத்தில் ஒத்தடம் வைத்திருக்கிறான். கால் செத்துக் கிடந்ததால் சூடு தெரியவில்லை. பெருவிரல் வெந்துபோயிருந்தது. அக்காவிடம் சொல்லப் போகிறேன் என்றேன். “நீரு என் காலச் சொன்னா, எனக்குப் பீடி குடுத்தது யாருன்னு நான் சொல்லுவேன். நீரும் சொல்லாதீரும், நானும் சொல்லல” என்றான். காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. எனக்கு உன்மேல் பயம். சரி என்றேன். அறையில் ஊதுபத்தி ஏற்றியது நாற்றத்துக்காக.

அவன் கால் விரல் கறுத்துவிட்டது. மூன்று விரல். இன்றோடு ஒன்பது நாள்.

30.11.2018, வெள்ளி

இதை எழுதுவது பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர். ரிட்டையர் ஆனவர். நான் சொல்கிற வாக்கியத்தையெல்லாம் திருத்துகிறார். நோயைத் திருத்தாமல் வாக்கியத்தை மட்டும் திருத்தி என்ன டீச்சர் என்றேன். அதையும் திருத்தித்தான் எழுதியிருப்பார்.

புதன்கிழமை குருவம்மாள் பேனாவை நோட்டின்மேல் போட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் போனாள். பதினோரு கம்பத்தையும் நான் கடந்து போய்ச் சேர்வதற்குள், நாலு இடத்தில் நின்றேன், அவள் ஆட்டோவைப் பிடித்து அவனை அதில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, விடுக்கா. நான் என்ன சந்தைக்குக் கொண்டுபோற ஆடா?”

“ஆடுன்னா ரெண்டு நாளு முந்தியே கத்திருக்கும். ஏறுல.”

என்னைப் பார்த்தாள். நகர்ந்து இடம் கொடுப்பாள் என்று நின்றேன். ஆட்டோ போய்விட்டது.

இங்கே டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரு மணி நேரம்கூட வைத்திருக்காமல் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டாராம்.

3.12.2018, திங்கள்

உத்தண்டுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குழாயைத் திறந்து பார்த்தும் ரத்தம் போகவில்லை, விஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தது என்றார்களாம். பத்து நாள் முந்தி வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னதாக எஸ்தர் டீச்சர் போனில் கேட்டுச் சொன்னார்.

பத்தில் ஒன்பது என்னுடையது.

6.12.2018, வியாழன்

குருவம்மாள் மாற்றுச் சேலை எடுக்க வந்தாள். எனக்குச் சோறு வடித்தாள், ரசம் வைத்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை.

அவனை ஆட்டோவில் ஏற்றிய அந்தப் புதன்கிழமையிலிருந்து பீடி தொடவில்லை. இதை யாரிடம் சொல்வது? நோட்டில் எழுதுங்கள் டீச்சர்.

8.12.2018, சனி

உத்தண்டைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போனேன். வார்டு இரண்டாவது மாடி. லிப்டில் நோயாளிகளுக்கு மட்டும்தான் இடம். படி ஏறினேன். முதல் திருப்பத்தில் மூச்சு. இரண்டாவது திருப்பத்தில் கால். மூன்றாவது திருப்பத்தில் யாரோ ஒரு பஞ்சு பேலை, இறுக்கிக் கட்டிய அந்தப் பெரிய மூட்டையை, தூக்கி நெஞ்சில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. தாடை வரை வலி. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. படியிலேயே உட்கார்ந்தேன்.

மேலேயிருந்து குருவம்மாள் தண்ணீர் பிடிக்க இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு, “நர்ஸம்மா, நர்ஸம்மா” என்று கத்தினாள். அது என்னிடம் பேசியது ஆகாது.

என்னையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். வந்து பார்த்த டீச்சர் நோட்டையும் கொண்டுவந்திருந்தார்.

13.12.2018, வியாழன்

மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு இருதயத்தைப் படம் பார்த்தார்கள். மூன்று பெரிய குழாயும் அடைத்திருக்கிறது. வளையம் வைத்துத் திறக்கிற மாதிரி இல்லையாம், நெடுக அடைப்பாம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். மயக்க மருந்து டாக்டர் வந்து என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். மறுபடி ஊதச் சொன்னார். கூட இருந்தவரிடம் தலையை ஆட்டினார்.

“ஐயா, இருதயத்துக்கு ஆபரேஷன் வேணும். ஆனா உங்க நுரையீரல் அதத் தாங்காது. மயக்கத்துல போனா மூச்சு திரும்பாது. மாத்திரையில பாப்போம்.”

“எவ்வளவு நாளைக்குப் பாக்கலாம்?”

“அத எப்படிச் சொல்ல? ஏறி இறங்காதீங்க. சுமை தூக்காதீங்க.”

நுரையீரல் கெட்டு இருதயத்தைக் கெடுத்தது. இப்போது இருதயத்தைத் தொடவும் அதுவே விடவில்லை. மேஸ்திரி மாதிரி வாசலில் நிற்கிறது. இந்த வாக்கியத்தை டீச்சர் திருத்தவில்லை.

படியில் வந்தது முதல் தடவையில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். ஆவணியிலிருந்தே தாடை வலி உண்டு. பல் என்று நினைத்து இரண்டு பல்லைப் பிடுங்கிப் போட்டேன்.

18.12.2018, செவ்வாய்

இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தண்டு இனி எங்களோடுதான். நடு வீட்டில் கட்டிலைப் போட்டிருக்கிறாள். எனக்குப் பக்கத்தில் பாய். இரண்டு பேரும் மாறி மாறி இருமுகிறோம்.

“அத்தான், ஒரு லாபம். இனிமே செருப்பு ஒண்ணுதான் தேயும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனே சிரித்தான், அவனுக்கே அழுகையும் வந்துவிட்டது.

“மாப்ள, அன்னைக்கே நான் சொல்லிருக்கணும்.”

“நான்தான சொல்லக்கூடாதுன்னேன். நீரு சொல்லாம இருந்தது எனக்காகன்னு நெனச்சுக்கிடுதேன், விடும்.”

“ஒனக்காக இல்ல.”

“தெரியும். நெனச்சுக்கிடுதேன்னுதான சொன்னேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

22.12.2018, சனி

நேற்றுக் காலையில் குருவம்மாள் குளித்துவிட்டு எங்கோ போனாள். மத்தியானம்தான் வந்தாள். இருளப்பன் வீட்டுக்குப் போயிருந்தாளாம். அவன் சம்சாரம் போய் இரண்டு வருஷமாகிறது. நீங்கள் யார் என்று மருமகள் கேட்டாளாம். இவள் ஒன்றும் சொல்லாமல், ஒரு வாய் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாளாம். எஸ்தர் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சர்தான் எனக்குச் சொன்னார்.

24.12.2018, திங்கள்

இரண்டு கம்பம். நெஞ்சுக்காக.

27.12.2018, வியாழன்

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். உத்தண்டின் கட்டைப் பிரித்துப் பார்த்தார், வலது பாதத்தில் விரல் வைத்துப் பார்த்தார். இந்தக் காலில் ரத்தம் ஓடுகிறது, பீடியைத் தொடாமல் மாத்திரையை விடாமல் இருந்தால் இது நிற்கும் என்றார். இருமலுக்கு மருந்து கேட்டு வருகிற ஜின்னிங்காரர் எல்லோருக்கும் கால் நாடியும் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதிப் போடப் போகிறாராம். அதற்கு எங்கள் ஏழு பேர் விவரமும் பெயரோடு வேண்டும், போனவர்கள் ஒரு பக்கம், இருக்கிறவர்கள் ஒரு பக்கம் என்றார்.

அவர் போனதும் கட்டிலிலிருந்தே டீச்சருக்குக் குரல் கொடுக்கச் சொல்லி உத்தண்டிடம் சொன்னேன். அதற்குள் குருவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை எடுத்தாள். பாயின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

இப்போது எழுதுவது அவள்தான்.

போனவர்களைச் சொன்னேன். குப்பாண்டி, மூச்சு. சங்கிலி, மூளைக்குப் போகிற குழாய். தாவீது, கால். இருளப்பன், இருதயம். அழகர்சாமி, இருதயம். ஒவ்வொன்றாக எழுதினாள். இருளப்பனுக்கு மட்டும் பெயருக்குப் பின்னால் ‘அண்ணன்’ என்று நான் சொல்லாமலே போட்டிருக்கிறாள். எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதும்போது அவள் தனக்குள் முணுமுணுத்ததில் கேட்டது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இருக்கிறவர்கள் என்று தலைப்புப் போட்டாள். எனக்காகக் காத்திருந்தாள். நெஞ்சில் பேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவளுக்குத் தெரியக்கூடாது என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

“உங்கள எந்தப் பக்கம் எழுதட்டும்?”

என்னை விடு, இடம் போட்டு வை, பிறகு நீயே பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றேன். அவள் பேனாவை நோட்டிலிருந்து எடுத்தாள். நிறுத்தாதே, நான் சொல்வதை எழுது, இருக்கிறவர்கள் பக்கத்தில் போட வேண்டியது ஒரே ஒரு பெயர்தான் என்றேன்.

உத்தண்டு.